தலைமாட்டில் நிற்பவர்

சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை நலம் விசாரிக்கச் செல்வோர், உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஆர் டொக்டர் வெட்டினது?" பெயரைச் சொன்னதும் அவருடைய கைராசி, அவர் படித்த பள்ளிக்கூடம், அவருடைய ஊர், உறவு யாவும் பேசப்படும். மயக்கமருந்து கொடுத்தவர் யார் என்று கேட்டவரை நாம் இந்நாள்வரை கண்டதில்லை. கத்தி உடம்பின் ஒரு பகுதியிலே வேலை செய்கின்றது. அவ்வேளையில் மூச்சும் நாடியும் இரத்த அழுத்தமும், சுருங்கச் சொன்னால் உயிர் முழுவதும், தலைமாட்டில் நிற்கும் மற்றொருவர் பொறுப்பில் இருக்கின்றது. நோயாளி அவரைக் காண்பது சில நிமிடங்களே. அதற்குள் கண் மூடிவிடுகின்றது. மீண்டும் கண் திறக்கும்போது நன்றி பெறுபவர் வேறொருவர்.

நம் நாட்டிலே அந்த இடத்தில் நின்று மயக்கமருந்து கொடுப்பவர் வைத்தியரே. அமெரிக்காவிலோ வைத்தியரும் நிற்பர். அதற்கெனவே மேற்படிப்புப் படித்துத் தேறிய தாதியரும் நிற்பர். கடல் கடந்த நாட்டு வழக்கத்தைப் பற்றி நாம் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். அவ்வழக்கம் எமது வீட்டு விறாந்தைக்கே ஒரு வாதமாக வந்து சேர்ந்தமையே காரணம்.

எமது தமையனார் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கா சென்று குடியேறியவர். அவருடைய மூத்த மகள், எமக்குப் பெறாமகள், ஒகாயோ மாநிலத்து வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவிலே தாதியாகக் கடமையாற்றி வந்தாள். வயது இருபத்தெட்டு. கைநிறைந்த சம்பளம். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த தமையனார் ஒருநாள் மாலை, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, மனத்திலிருந்ததைக் கொட்டிவிட்டார்.

"தம்பி, நீ ஒருக்கா அவளோடை கதை. நீ சொன்னாக் கேப்பாள். உள்ள வேலையை விட்டுப்போட்டு, கடன் எடுத்து, இன்னும் மூண்டு வருஷம் படிக்கப் போறாளாம். மயக்கமருந்து குடுக்கிறதுக்கு மூண்டு வருஷப் படிப்போ? கலியாணத்தை எப்ப செய்யிறது?"

நியாயமான கேள்விதான். மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளம் இல்லை. கடனோ சிறு கடனன்று. பெண்ணின் வயதும் ஏறிக்கொண்டு போகின்றது. ஆயினும் ஒரு படிப்பை வேண்டாம் என்று சொல்லுமுன் அது எத்தகையது என்று அறிந்துகொள்ள வேண்டாமா? ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்குமேல் கழித்துவிட்ட எமக்கு இந்த வழக்கம் மட்டும் விடவில்லை. சில நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, கிடைத்தவற்றை வாசிக்கத் தொடங்கினோம்.

1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் நாள், பொஸ்ரன் நகரிலுள்ள மசாச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில், வில்லியம் மோர்ட்டன் என்னும் பல்வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியை முகரக் கொடுத்தார். அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை ஜோன் வாரன் என்னும் சத்திரவைத்தியர் அறுத்தார். நாலு பேர் பிடித்துக்கொள்ள அலறித் துடிக்கும் நோயாளியையே அதுவரை கண்டிருந்த வைத்தியர்கள், அமைதியாகக் கிடந்தவனைப் பார்த்து வியந்தனர். ஆனால் வியப்பு நெடுநாள் தனித்து நிற்கவில்லை. 1848 ஜனவரியில் இங்கிலாந்திலே ஹன்னா கிறீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமிக்குக் கால்நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபோம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். வலியைப் போக்கும் மருந்து உயிரையும் போக்கவல்லது என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

இத்தனை ஆபத்தான மருந்தை யார் கையில் கொடுத்தார்கள்? பெரும்பாலும் வைத்தியம் கற்கும் இளைஞர் கையிலேதான். அவர்களுக்கோ சத்திரசிகிச்சையைப் பார்த்துக் கற்கவேண்டும் என்னும் ஆவல். கை மருந்துப் போத்தலில் இருக்க, கண் கத்தியின் மேலே சென்றது. ஆகவே, கத்தியைப் பாராமல் நோயாளியையே பார்த்திருக்கும் ஒருவரைச் சத்திரவைத்தியர்கள் தேடினார்கள். அப்படித் தேடியபோது அமெரிக்காவிலே அவர்களுக்கு அகப்பட்டவர்கள், முதலில் கன்னியாஸ்திரிகளான தாதியரும், பின்னர் பிற தாதியருமே.

அவர்களுள் ஒருவர் அலிஸ் மகோ. மினசோட்டா மாநிலத்து றொச்செஸ்ரர் என்னும் சிற்றூரிலே, மேயோ சகோதரர்கள் என்னும் புகழ்பெற்ற சத்திரவைத்தியர்களுடன் பணிசெய்தவர். நோயாளியின் முகத்தில் மெல்லிய துணிமூடியை வைத்து, அதன்மேல் ஈதரைத் துளி துளியாக விடுவது அவர் முறை. 1906ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையொன்றில், பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு மயக்கம் கொடுக்கப்பட்டும், மயக்கமருந்தினால் நேர்ந்த மரணம் ஒன்றுமில்லை என்று கணக்குக் காட்டினார். யந்திரம் ஏதும் துணையில்லாத காலத்திலே இதனை எவ்வாறு சாதித்தார்? நோயாளியோடு இதமாகப் பேசிக்கொண்டே மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். மூச்சையும் முகத்தின் நிறத்தையும் நாடியையும் விட்டுக் கண்ணையும் கையையும் எடுக்காதிருந்தார். நல்ல வார்த்தை பாதி மருந்து என்பதை அவர் அறிந்திருந்தார்.

தனியொருவரிடமிருந்த இந்தத் திறமை பின்னர் பாடமாயிற்று. ஒகாயோவின் கிளீவ்லாந்து நகரத்து லேக்சைட் வைத்தியசாலையிலே, அகதா ஹொட்ஜின்ஸ் என்னும் தாதி, ஜோர்ஜ் கிறைல் என்னும் சத்திரவைத்தியரின் ஆதரவுடன் 1915இல் இதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1931இல் இத்தாதியருக்கென ஒரு தேசியச் சங்கமும் அவர் முயற்சியால் உருவாயிற்று. இது வைத்தியருக்கே உரிய தொழில், தாதியர் செய்வது சட்டத்துக்கு மாறு என்று கலிபோர்னியாவில் வழக்கும் நடந்தது. டக்மர் நெல்சன் என்னும் தாதியின்மேல் தொடரப்பட்ட அவ்வழக்கில், சத்திரவைத்தியரின் பணிப்பின்கீழ் அவர் செய்தது குற்றமாகாது என 1936இல் அம்மாநிலத்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1945இல் நாடு முழுவதற்கும் பொதுவான தகுதிப் பரீட்சை முதன்முறையாக நடைபெற்றது.

இனித் தமையனார் கேட்ட கேள்விக்கு வருவோம்: மூன்று ஆண்டுகள் எதற்கு?

நாம் இரசாயனவியல் கற்பிப்பவர். ஈதர் ஏறக்குறைய 35 பாகை சதமத்திலே கொதிக்கும் என்று கரும்பலகையில் எழுதுவதுண்டு. சித்திரை மாதத்து நடுப்பகலில் நம் வகுப்பறையே அந்த வெப்பத்தைத் தொட்டுவிடும் என்று சொல்லி மாணவரைச் சிரிக்கவும் வைப்பதுண்டு. ஈதர் எளிதில் ஆவியாகும். அவ்வாவி சுவாசப்பையிற் புகுந்து, இரத்தத்திற் கரைந்து, மூளையை அடைகின்றது. எவ்வளவு அமுக்கத்தில் எவ்வளவு கரையும், எத்தனை நேரத்தில் வெளியேறும் என்பவை வாயு விதிகளின்பாற்பட்டவை. இவற்றைப் பரீட்சைக்காகப் படித்து மறக்கலாம். தலைமாட்டில் நிற்பவர் மறந்தால் ஓர் உயிர் போகும்.

அதனிலும் பெரிய மாற்றம் 1942இல் வந்தது. கனடாவின் மொன்றியல் நகரிலே ஹரல்ட் கிறிவ்வித் என்னும் வைத்தியரும் அவருடைய உதவியாளரும், தென்னமெரிக்க ஆதிக்குடிகள் அம்புமுனையில் தடவும் கியுராரே என்னும் நஞ்சிலிருந்து எடுத்த மருந்தைச் சத்திரசிகிச்சைக்குப் பயன்படுத்தினார்கள். தசைகள் தளர்ந்தன, வெட்டுவோர்க்கு வேலை எளிதாயிற்று. ஆனால் மூச்சை இயக்குவனவும் தசைகளே அல்லவா? அவையும் தளர்ந்தால் நோயாளி தானாக மூச்செடுக்க மாட்டார். அன்றுமுதல் மயக்கம் கொடுப்பவரின் வேலை தூங்கவைப்பது மட்டுமன்று. தூங்குபவருக்காக மூச்சுவிடுவதும் ஆயிற்று. தொண்டைக்குள்ளே குழாயைச் செலுத்தவேண்டும். அது மூச்சுக்குழலிற் புகாமல் உணவுக்குழலிற் புகுந்துவிட்டால் உடனே அறியவேண்டும். அறிந்து திருத்துவதற்குக் கிடைப்பவை சில நிமிடங்களே.

ஆதலினாலேயே அங்கு விதிகள் கடுமையாக இருக்கின்றன. முதலில் தாதியர் கல்வியிலோ அதற்கேற்ற வேறு துறையிலோ பட்டம். பின் தாதியாகப் பதிவு. அதன்பின் தீவிர சிகிச்சைப் பிரிவிலே குறைந்தது ஓராண்டு அனுபவம். இவை வாயிற்படி மட்டுமே. 2022ஆம் ஆண்டு முதல் புதிதாகச் சேர்வோர் அனைவரும் கலாநிதிப் பட்டத்துக்கான படிப்பிலேயே சேரவேண்டும். அது 36 மாதங்களுக்குக் குறையாதது. குறைந்தது 2000 மணித்தியாலம் நோயாளிகளிடையே பயிற்சி பெறவேண்டும். கைக்குழந்தை, முதியவர், பிள்ளைப்பேற்றுக்கு வந்த தாய், இருதய நோயாளி என்று பலதிறத்தாருக்கும் மேற்பார்வையின்கீழ் மயக்கம் கொடுத்திருக்கவேண்டும். முடிவிலே தேசியப் பரீட்சை. அமெரிக்க நாட்டுப்புறத்துச் சிறு வைத்தியசாலைகள் பலவற்றிலே, நள்ளிரவில் பிள்ளைப்பேற்றுக்கு வரும் தாய்க்கு மயக்கம் கொடுக்க இத்தாதியரைத் தவிர வேறெவரும் இலர்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னபோது தமையனார் பொறுமையாகக் கேட்டார். பின்பு ஒரே கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி. இவ்வளவையும் படிச்சுப்போட்டும் அவள் நேர்ஸ்தானே? டொக்டர் இல்லைத்தானே?"

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்து விறாந்தையில் மட்டும் எழுவதன்று. இத்தாதியர் வைத்தியரின் மேற்பார்வையின்றித் தனித்துப் பணிசெய்யலாமா என்பதில் அமெரிக்காவிலேயே மயக்கமருந்து வைத்தியர்களுக்கும் அவர்களுக்கும் இன்றும் இணக்கமில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுகின்றது. நெடிய மருத்துவக் கல்வி தரும் அகன்ற அறிவு வேண்டும் என்று வைத்தியர் சொல்வதிலும் நியாயமுண்டு. நூறாண்டுக்கு மேலாகத் தாங்கள் இதனைச் செய்துவருவதைத் தாதியர் எடுத்துக்காட்டுவதிலும் நியாயமுண்டு. இவ்விரு சாராரும் ஒத்துக்கொள்வது ஒன்று: குறைந்த பயிற்சியோடு அந்த இடத்தில் எவரும் நிற்றலாகாது.

அதை நாம் சொல்லி முடிப்பதற்குள், அறைக்குள்ளே கட்டிலில் இருந்த எமது தாயாரின் குரல் கேட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்.

"தம்பியவை, எனக்கு வெட்டின டொக்டரின்ரை முகம் ஞாபகமில்லை. தலைமாட்டிலை ஒரு பிள்ளை நிண்டவள். டொக்டர் பிள்ளையாம். என்ரை கையைப் பிடிச்சு, 'பயப்பிடாதேங்கோ அம்மா, நான் உங்களை விட்டிட்டுப் போகமாட்டன்' எண்டு சொன்னவள். கண்ணை முழிக்கேக்கையும் அவள்தான் நிண்டவள். அவள் ஆற்றை பிள்ளையோ தெரியாது. உன்ரை பிள்ளை அப்பிடி நிக்கப் போறனெண்டால் ஏன் மறிக்கிறாய்?"

தமையனார் பதில் சொல்லவில்லை. கோப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போனார். அன்றிரவு மகளோடு தொலைபேசியிற் பேசினார். என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை. மறுநாள் காலை, "முதல் வருஷச் செலவை நான் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்று மட்டும் எமக்கு அறிவித்தார்.

பெறாமகள் இப்போது படித்துக்கொண்டிருக்கின்றாள். திருமணம் இன்னும் ஒழுங்காகவில்லை; வந்த சம்பந்தம் ஒன்று, படிப்பு முடியும்வரை காத்திருக்க முடியாதென்று போய்விட்டது. அதைப் பற்றித் தமையனாருக்கு வருத்தமே. வருத்தம் இல்லையென்று நாம் எழுதினால் அது பொய்யாகும். எந்தப் பெரிய படிப்பும் படிப்பவரிடம் மட்டும் விலை கேட்பதில்லை, வீட்டாரிடமும் கேட்கின்றது. விலையைக் கொடுப்பதா என்று தீர்மானிக்கும் வேளையில், வாங்கப்படுவது யாது என்று தெரிந்திருப்பது நல்லது.

மாணவ வாசகருக்கு ஒரு வார்த்தை. சென்ற மாதம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சித்தப்பா, ஆவியமுக்கத்தை நீங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளையளுக்கு எப்படி விளங்கப்படுத்துறனீங்கள்? எனக்கும் ஒருக்கா எழுதி அனுப்புங்கோ" என்று கேட்டிருந்தாள். பழைய குறிப்புப் புத்தகத்தைத் தேடியெடுத்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினோம். அடுத்த நாள் வகுப்பிலே அதே பாடம். "சேர், இது சோதினைக்கு வருமோ?" என்று வழக்கம்போல ஒருவன் எழுந்து கேட்டான். வரும் என்றோம். எங்கே வரும் என்பதையும் அன்று சற்று விரிவாகவே சொன்னோம்.