டாங்கி விற்றுக் கட்டிய பாடசாலை

இத்தாலியின் வடபால், ரெஜ்ஜோ எமிலியா நகருக்கு அணித்தே வில்லா செல்லா என்னுஞ் சிற்றூர் உளது. 1945ஆம் ஆண்டு யுத்தம் ஓய்ந்ததும், ஜேர்மானியர் விட்டுச்சென்ற டாங்கி ஒன்றையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அப்பணத்தால் பாலர் பாடசாலை ஒன்றைக் கட்டலாயினர் அவ்வூரார். செய்தியறிந்து சைக்கிளில் விரைந்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்சி கண்டது, இடிந்த வீடுகளின் செங்கற்களைக் கழுவிக்கொண்டிருந்த மாதரை!

1963இல் நகரசபையே இத்தகைய பாடசாலைகளைத் தொடங்கிற்று. பெற்றோர் அங்கே வாயிலோடு திரும்புவதில்லை. ஆசிரியரோடு கூடியிருந்து பாடசாலை நடப்பை ஆராய்கின்றனர். அவ்வுரிமை எவரும் இரங்கி அளித்ததன்று. செங்கல் கழுவிய கைகள் ஈட்டியது. நடுவே ஊர்ச்சந்தி போன்ற கூடம். அப்பால் வர்ணமும் களிமண்ணும் நிறைந்த அறை. விளையாட்டிலே கல்வியா என நகைப்போர், சிறார் களிமண்ணிற் குதிரை செய்யுங்கால் அருகே ஒரு நாழிகை அமர்ந்து பார்க்கட்டும்.