வர்ணம் பூசாத இடம்

திருவண்ணாமலையில் ஐப்பசி பிறந்துவிட்டால் ஊர் முழுவதற்கும் வர்ணம் அடிக்கும் ஆசை வந்துவிடும். கார்த்திகைத் தீபத்துக்கு வெளியூர் ஜனங்கள் லட்சக்கணக்கில் வருவார்கள் அல்லவா? கடைக்காரர் தம் பெயர்ப் பலகைக்கு வர்ணம் அடிப்பார். வீட்டுக்காரர் திண்ணைக்குக் காவி அடிப்பார். மலை உச்சியில் தீபம் ஏற்றும் கொப்பரையையும் சீர்செய்து, அதன்மேல் அர்த்தநாரீசுவரர் உருவத்தைப் புதிதாகத் தீட்டித்தான் 2,668 அடி உயரத்துக்குச் சுமந்து போகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில் நானும் ஒரு பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். நான் வர்ணம் அடித்தது வீட்டுக்கு அல்ல. ஒரு பழைய மில்லிங் மெஷினுக்கு.

கதையைத் தொடங்கும் முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த யந்திரம் என் அக்காவின் கணவருடையது. அவலூர்ப்பேட்டை சாலையில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், அரிசி ஆலைகளின் தண்டுகளுக்குக் காடி வெட்டியும் பம்புசெட்டுகளுக்குப் பல்சக்கரம் வெட்டியும் இரண்டு குழந்தைகளை ஆளாக்கியவர் அவர். அவர் காலமான மறு வருஷமே, துருப்பிடிக்கிற இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லி, ஒரு காயலான் கடைக்காரரை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். கிலோவுக்கு இவ்வளவு என்று விலைகூடப் பேசியாகிவிட்டது. அக்கா வாசற்படியை விட்டு எழுந்திருக்காமலே, "அது அங்கேயே இருக்கட்டும், தம்பி" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உலகம் தெரியாதவள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அவளுடைய மகன் ஓரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சி.என்.சி. யந்திரத்தின் முன்னால் சில வருஷம் நின்றவன். கைச்சக்கரத்தைச் சுற்றாமல், எண்களாலேயே கட்டளை கொடுத்து உலோகத்தைச் செதுக்க வைக்கும் யந்திரம் அது. வேலையை விட்டு ஊருக்கு வந்தவன், "அப்பாவோட மெஷினையே சி.என்.சி.யா மாத்தப் போறேன், மாமா" என்றான். கிழவனுக்குக் குடுமியை எடுத்துக் கிராப்பு வெட்டினால் வாலிபனாகி விடுவானா என்று நான் கேலி செய்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னான். அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்தவர். அவற்றின் வளைவுகளைக் கணக்கின்படி துல்லியமாக வெட்டவேண்டும் என்ற தேவையிலிருந்துதான் இந்த யோசனையே பிறந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-ல் எண்களால் இயங்கும் மில்லிங் யந்திரத்தை உலகத்துக்குக் காட்டியது. அதுவும் புதிதாக வார்த்த யந்திரம் அல்ல. 'சின்சினாட்டி ஹைட்ரோ-டெல்' என்ற சாதாரண மில்லிங் யந்திரத்தை எடுத்து, நூற்றுக்கணக்கான வால்வுகள் கொண்ட மின்கருவியை அதன் பக்கத்தில் நிறுத்தி, துளையிட்ட காகித நாடாவால் கட்டளை கொடுத்தார்கள். "அத்தனை பெரிய அலமாரி செஞ்ச வேலையை இப்ப உள்ளங்கை அகலப் பலகை செய்யுது. மத்தபடி நான் செய்யறதும் அதேதான்" என்றான். என் கேலி அதோடு நின்றது.

யந்திரத்தைப் பிரித்தோம். பிரித்தோம் என்று பன்மையில் சொல்லுகிறேன். ஸ்பானரை எடுத்துக் கொடுத்ததுதான் என் பங்கு. மண்ணெண்ணெயில் கழுவிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது, மேலே சாம்பல், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை என்று பூச்சு பூச்சாக உரிந்தது. ஆயுத பூஜை நெருங்கினால் அவர் கையில் டப்பாவும் பிரஷ்ஷும் இருக்கும் என்று அக்கா சொன்னாள். குறுக்கு நகர்வுக்கான கைச்சக்கரத்தின் பக்கத்தில், நீலத்துக்கும் அடியில், இரும்பில் பஞ்சால் குத்திய ஓர் எண் தெரிந்தது: 8. அது என்ன எட்டு என்று மூவருக்கும் தெரியவில்லை.

"பட்டி வைத்து நிரவிவிடடா, பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்றேன். அவன் பதில் சொல்லாமல், அதன்மேல் ஒரு துண்டு டேப்பை மட்டும் ஒட்டினான்.

பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்த பிறகு எனாமல் அடிக்க வேண்டும். கடையில் சாம்பல் நிறம்தான் மெஷினுக்கு எடுப்பு என்றார்கள். அக்கா பழைய பச்சையே போதும் என்றாள், பச்சையே வாங்கினோம். மழைக்காலம் ஆகையால் காய்கிற வழியாக இல்லை. தார்ப்பாய் கட்டி, பெரிய பல்புகளை எரியவிட்டுக் காவல் இருந்தோம். அந்தச் சமயத்தில்தான் நான் கலைஞனானேன். தூணின் முன்புறத்தில் வழவழப்பான முகம் ஒன்று வர்ணமில்லாமல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. பையன் சாப்பிடப் போயிருந்தான். மூலை முடுக்கு விடாமல் பச்சையைத் தீட்டி முடித்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அவன் வந்து பார்த்தான். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மாமா, இரும்பும் இரும்பும் சேர்ற இடத்துல பெயிண்ட் அடிக்கக் கூடாது" என்று சொல்லித் தின்னரும் துணியும் எடுத்து வந்தான். யந்திரத்தின் தலைப்பாகம் அந்த முகத்தில்தான் உட்கார வேண்டுமாம். உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பூச்சு கூடினாலும் தலை சாய்ந்துவிடும். தள்ளி இருக்கும் வெட்டுக்கத்தியோ அதைவிட அதிகமாக விலகி நிற்கும். இரவு ஒன்பது மணி வரைக்கும் நான் தீட்டிய பச்சையை நானே துடைத்தேன். எழுத்திலும் எனக்கு இந்தப் பழக்கம் உண்டு. இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பேச வேண்டிய இடத்தில்தான் நான் வர்ணனையைக் கொட்டுவேன்.

பூட்டும் வேலை ஆரம்பமாயிற்று. நீளவாக்கில் ஓடும் மேஜைக்குப் புது பால் ஸ்க்ரூ போட்டான். ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நகர்வது அது. அதைத் திருப்பும் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கும். ஆகவே ஓர் அடிக்கு மேஜை நகர்வது 0.025 மில்லிமீட்டர், தலைமயிரின் கனத்துக்கும் குறைவு. குறுக்கு நகர்வுக்கும் அப்படியே வாங்கக் கையில் பணம் இல்லை. அங்கே அப்பாவின் பழைய திருகே இருந்தது. கைச்சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் மாட்டினான். அக்கா அவற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை.

தீபத்தன்று மாலை மொட்டைமாடியில் நின்று மூவரும் கும்பிட்டோம். மறுநாள், மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருக்க, யந்திரம் முதல் வேலையைச் செய்தது. ஓர் அலுமினியத் தகட்டில் வட்டம் வெட்டியது. எனக்கு அது வட்டமாகத்தான் தெரிந்தது. அவன் விரலால் தடவிப் பார்த்து முகம் சுளித்தான். எதிரும் புதிருமாக இரண்டு இடத்தில் வட்டம் கொஞ்சம் தட்டையாக இருந்தது.

காரணம் பழைய திருகுதான். திருகும் நட்டும் தேய்ந்தால் நடுவே இடைவெளி விழும். திசை மாறும்போது திருகு திரும்பும். அந்த இடைவெளி அடைபடுகிற வரைக்கும் மேஜை அசையாது. பட்டறையில் இதைப் 'பிளே' என்பார்கள். கையால் சுற்றுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு கூடக் கொஞ்சம் சுற்றிச் சரிசெய்து கொள்வார். மோட்டாருக்கு அந்த ஞானம் கிடையாது. எத்தனை என்று அதற்கு எண்ணால் சொல்ல வேண்டும்.

டயல் கேஜை வைத்து அளந்தான். 0.22 மில்லிமீட்டர். பழைய கைச்சக்கரத்தைச் சுவரிலிருந்து எடுத்து அதன் கோடுகளைப் பார்த்தான். ஒரு கோட்டுக்கு 0.02.

"பதினொண்ணு" என்றான். பிறகு குனிந்து டேப்பை உரித்தான். "அப்பா அளந்தப்ப எட்டு. அப்புறம் மூணு தேஞ்சிருக்கு."

அக்கா கிட்டே வந்தாள். "அப்ப எதுக்கு அதுமேலே பெயிண்ட் அடிச்சாரு?" என்று நான் கேட்டேன்.

"கை பழகிப்போச்சு, தம்பி. அப்புறம் பார்த்துக்கிட்டா சுத்துவாரு?" என்றாள்.

அந்த மூன்று கோடு தேய்வதற்கு எத்தனை காடிகள் வெட்டியிருக்க வேண்டும்! அவற்றில் ஒன்று பையனின் காலேஜ் சம்பளம். ஒன்று பெண்ணின் கல்யாணம். நான் விலை பேசியது கிலோ கணக்கில்.

பையன் 0.22 என்று கம்ப்யூட்டரில் பதித்துவிட்டு மறுபடியும் வெட்டினான். இந்தத் தடவை அவன் விரல் எங்கேயும் நிற்கவில்லை. பணம் சேர்ந்ததும் அந்தத் திருகையும் மாற்றிவிடுவானாம், மாற்றத்தான் வேண்டும். தொழில் என்றால் அப்படித்தான்.

எட்டை மட்டும் அவன் மூடவில்லை. பச்சைக்கு நடுவே ஒரு விரற்கடை அகலத்துக்கு வெறும் இரும்பு தெரிகிறது. வர்ணம் பூசாத இரும்பு நம் ஊர் மழைக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆகவே சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அக்கா ஓர் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறாள். போன வாரம் போயிருந்தபோது, அவளுக்கு முழங்கால் வலி. "நீ துடைச்சுட்டு வா, தம்பி" என்று துணியை என்னிடம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனேன்.