நூல் யாருடையது?

லண்டனில் முதுகலை படித்த காலத்தில் ஒரு சனிக்கிழமை ஒக்ஸ்போர்ட் பார்க்கப் போனேன். கல்லூரி வாசல்களையும் பட்டமளிப்பு அங்கி விற்கும் கடைகளையும் சுற்றிவிட்டு, மழைக்கு ஒதுங்கியது அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில். 1683இல் திறந்த இடம் அது. அங்கே பழைய பருத்தித் துணித் துண்டுகள் இருந்தன. குஜராத் பக்கம் அச்சுக்கட்டையால் நீலமும் சிவப்பும் பதித்து, கப்பலேறி எகிப்துக்குப் போனவை. நியூபெரி என்ற எகிப்தியவியலாளர் சேர்த்தவை ஆயிரத்துக்கும் மேல்; 1946இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு வயது ஆயிரம் வருடத்தைத் தொடும். சேர்த்தவரின் பெயரில் தொகுப்பு இருக்கிறது. நெய்தவன் யாரென்று எவரும் எழுதி வைக்கவில்லை.

நான் சாய்ந்தமருதுக்காரன். கல்முனையைக் கடந்து பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை. வாப்பா ஆயுளுக்கும் கட்டியது மருதமுனைச் சாறன்தான். அதில் ஒன்றையாவது நெய்தவர் யாரென்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் கூட்டாளியிடம் இதைச் சொன்னேன். "என்ட மாணவி ஒருத்திட உம்மா தறி நெய்றவ. போய்ப் பாரு மச்சான்" என்றான்.

மருதமுனையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அந்த வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தறிச் சத்தமே வழிகாட்டியது. தகரக் கூரைக் கொட்டிலுக்குள் இரும்புச் சட்டத் தறி. "வாங்க தம்பி, இரிங்க" என்று மாணவியின் உம்மா எழும்பப் பார்த்தார். வேண்டாம் ராத்தா, நெய்யுங்கள் என்றேன். மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

சாயம் போடுவதையும் பாவு ஓட்டுவதையும் ராத்தா விவரமாகத்தான் சொன்னார். என் கண் முழுக்க நாடாவில் இருந்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மரக்கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர், நடுவில் குடைந்த பள்ளத்தில் நூல் சுற்றிய தார். கை பட்டும் நூல் உரசியும் மரம் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. மேலே தொங்கும் கயிற்றை ராத்தா சுண்ட, நாடா பாவுக்குள் பாய்ந்து மறுபக்கப் பெட்டியில் முட்டி நின்றது. மற்றக் கை அச்சுப் பலகையை இழுத்து அடித்தது. கால் மிதியை மாற்றியது. திடீரென்று சத்தம் நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ராத்தாவின் விரல் நூற்றுக்கணக்கான இழைகளுக்குள் நேரே போய் அறுந்த ஒன்றைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, அச்சுக்குள் செலுத்திவிட்டது. "எப்படித் தெரிஞ்ச?" என்றேன். "சத்தம் மாறும் தம்பி" என்றார்.

கயிற்றைச் சுண்டினால் ஓடும் இந்த நாடாவுக்கு 1733இல் காப்புரிமை பெற்றவர் ஜோன் கே என்ற ஆங்கிலேயர். துணி முதலாளிகள் அவருடைய நாடாவைத் தங்கள் தறிகளில் ஓட்டிக்கொண்டே, அவருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்க மறுத்தார்கள். அவர் போடும் வழக்குகளை எதிர்க்க ஒரு சங்கமே வைத்தார்கள். கடைசியில் மனுசன் பிரான்சுக்குப் போய் அங்கேயே மௌத்தானார்.

ராத்தா தறியில் உட்கார்ந்தது சிறுபிள்ளையாக இருக்கும்போது. வெளிநாட்டுத் துணி நாட்டுக்குள் வரக் கட்டுப்பாடு இருந்த 1970களின் முற்பாதியில் அவருடைய வாப்பாவிடம் தறிகள் ஓய்ந்ததில்லையாம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மில் துணி வந்து குவிந்தது. வாப்பாவின் தறிகள் ஒவ்வொன்றாக விலைப்பட்டு ஒன்று மிஞ்சியது. 2004 டிசம்பர் 26 அன்று அதையும் கடல் கொண்டுபோனது. "பொழுதுக்கும் ஓடித் திரிஞ்சம். மையத்துகளத் தேடினமே தவிர தறிய ஆரு தேடின?" என்றார். பிறகு நிவாரணமாக இந்த இரும்புத் தறி கிடைத்தது. "தறியத் தந்தாங்க. நூல ஆரு தாற?"

விசயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நூல் இந்தியாவிலிருந்து வருகிறது. அதை மொத்தமாக இறக்கக் காசுள்ளவர் முதலாளி. அவர் நூலைக் கொடுத்து, துணியை எடுத்து, ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார். மகளின் படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ முற்பணம் வாங்கினால் அது கழியும்வரை வேறு ஆளுக்கு நெய்ய முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது நூல் விலை ஏறியது, சாறன் விலை ஏறியது, கூலி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ராத்தா சொன்ன கூலியை மனதில் வைத்துக்கொண்டு கல்முனைக் கடையொன்றில் அதே ரகச் சாறனுக்கு விலை கேட்டேன். நூல், சாயம், ஏற்றுக்கூலி, கடை வாடகை எல்லாம் கழித்துப் பார்த்தாலும் நெய்தவருக்கு நியாயமான பங்கு போகவில்லை. முதலாளிமாரைத் திட்டலாம், திட்டவும் வேண்டும். ஆனால் அவர்கள் பிடி தறியில் இல்லை, நூலில் இருக்கிறது. நிவாரணம், மானியம், கைத்தறி வாரம் என்று தறியையே சுற்றிவருகிறவர்கள் நூலைத் தொடாதவரை அந்தப் பிடி தளராது.

ராத்தாவின் மகள் முகாமைத்துவ மாணவி. கொப்பித் தாளில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஒழுங்கையில் உள்ள தறிக்காரர்கள் சேர்ந்து நூலை மொத்த விலைக்கு எடுத்தால் ஒரு சாறனில் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு. "முதல் கொள்முதலுக்குத்தான் காசில்ல காக்கா. பேங்கில நூல ஈடா எடுக்க மாட்டாங்களாம்" என்றாள்.

1990இன் கலவரத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குத் திரும்ப முடியாமல்போன முஸ்லிம் பிள்ளைகளுக்காக, அமைச்சர் எம்.எச்.எம்.அஷ்ரப்பின் முயற்சியில் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமானது தென்கிழக்கு. படிப்பு கைவிட்டுப் போகாதிருக்க இந்தக் கரையே ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டி எழுப்பியது. அதன் முகாமைத்துவ வர்த்தக பீடம் மருதமுனையில் ஒரு நூல் களஞ்சியத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கட்டும். நெசவாளர் சங்கத்துக்கு ஊர்த் தனவந்தர்கள் முதல் கொள்முதலைக் கர்ழன் ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாக, வைக்கட்டும். பள்ளிவாசலுக்கு மினாரா கட்ட ஒரு ஜும்ஆவில் காசு சேர்க்கத் தெரிந்த ஊர்கள் இவை. நூலுக்குச் சேர்க்க முடியாதென்று யாரும் சொல்ல வேண்டாம்.