அநாதையின் பங்கிற்காகப் பேசுபவர் யார்?



அநாதைகளின் சொத்தைக் குறித்துத் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் விரிவாகப் பேசுகிறது. அநாதை பக்குவமடைந்ததும் சொத்தை ஒப்படைக்க வேண்டும், வசதியுள்ள பொறுப்பாளர் அதிலிருந்து எதையும் எடுக்கலாகாது, ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைக்க வேண்டும் என்று அதன் 6ஆவது வசனம் பணிக்கிறது. ஜும்ஆ பயான்களில் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். என் தம்பி வஃபாத்தான பின்னரே அதன் கனத்தை உணர்ந்தேன்.

பட்டுக்கோட்டைக்கு அருகே அவனுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் மரங்கள் சாய்ந்தபின், கன்று நட்டு அவன் மீட்டெடுத்த தோப்பு அது. எங்கள் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். எங்களுக்கு வேறு உடன்பிறப்பும் இல்லை. ஆகவே எட்டுப் பங்கில் அவன் மனைவிக்கு ஒன்று, ஒன்பது வயதான ஒரே மகளுக்கு நான்கு, எனக்கு மூன்று. தோப்பை விற்றுப் பிரித்துக்கொள்ளலாம், பிள்ளைக்காகப் பெரியத்தாவே கையெழுத்திடட்டும் என்றனர் உறவினர்.

நான் இசையவில்லை. அவளுடைய பங்கும் என்னுடைய பங்கும் ஒரே சொத்தில் இருக்கின்றன. பிரிவினையில் அவளுக்குக் குறைவது எனக்குக் கூடும். அத்தகைய ஒருவன் அவளுக்காகப் பேசுவது எவ்வாறு நீதியாகும்?

சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. நம் நாட்டில் நடைமுறையிலுள்ள முஸ்லிம் சட்டப்படி, சிறார் சொத்துக்குத் தந்தை, அவர் நியமித்த வஸீ, தந்தைவழிப் பாட்டனார், அவர் நியமித்த வஸீ ஆகியோரே இயல்பான பொறுப்பாளர்கள். பெரிய தந்தை அப்பட்டியலில் இல்லை, தாயும் இல்லை. நீதிமன்ற நியமனமின்றித் தாய் விற்ற சிறார் பங்கு அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று 1918இல் இமாம்பாந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

எனவே 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ்த் தம்பியின் மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்தார். நான் சம்மதம் எழுதிக் கொடுத்தேன். நீதிமன்றம் அவரையே காப்பாளராக நியமித்தது. இனி நீதிமன்ற அனுமதியின்றி அப்பிள்ளையின் பங்கை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. உறவினர் சிலருக்கு இன்றும் என்மீது மனவருத்தம் உண்டு. தோப்பு விற்கப்படாமல் நிற்கிறது.

சிறு பிள்ளைகளை உடைய தந்தையரே, உயிரோடு இருக்கும்போதே நம்பிக்கைக்குரிய ஒருவரை வஸீயாக எழுதி வையுங்கள். பிள்ளைகளின் தாயையே அவ்வாறு நியமிக்கலாம். அநாதைகளின் உரிமையைப் பேணும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.