ஒரு டெசிபல்

பொட்டலத்தை அம்மாதான் வாங்கி வைத்திருந்தார். நான் ஷா ஆலாமில் வேலை முடிந்து, புஞ்சாக் ஆலாம், ஈஜோக் வழியாக வீடு வந்து சேர இரவு எட்டாகிவிட்டது. மேசைமேல் வைத்திருந்ததை அம்மா தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார்.

"ஆட்டாதீங்கம்மா, கண்ணாடி."

"உள்ள என்னய்யா, பல்பா?"

"பல்பு மாதிரிதான்."

"எவ்ளோ?"

"நாப்பது வெள்ளி."

உண்மையில் 280 வெள்ளி. ஒரே ஒரு வால்வு. ஐம்பதுகளில் அமெரிக்காவில் செய்தது. நான் சொந்தமாகச் செய்துகொண்டிருந்த ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயருக்காக வாங்கினேன். அப்பா கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தம் வழக்கம்போல வாசல்வரை கேட்டது. நாங்கள் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை. விழாதது நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா. 2007-ல் பெயரை மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான், சுருக்கமாகப் பத்தாங். சுற்றிலும் செம்பனை. மலேசியாவில் செம்பனையை வணிகத்துக்காக முதன்முதலில் நட்டது எங்கள் பக்கத்தில்தான். 1917-ல் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம் எஸ்டேட். செம்பனைத் தோட்டத்துக்குத் தமிழில் தென்னமரம் என்று பெயர்! மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-ல் கோன்கூர் பரிசு கிடைத்தது. அப்பா வேலை செய்தது அந்தத் தோட்டத்தில் அல்ல. வேறொரு தோட்டத்தின் எண்ணெய் மில்லில், எஞ்சின் ரூமில், முப்பத்து மூன்று வருடம். பாய்லரிலிருந்து நீராவி வரும், டர்பைன் சுற்றும், மில்லு முழுக்க மின்சாரம் போகும். அந்த டர்பைனைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தேன். நான்கு வருடப் படிப்பில் வால்வுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஸ்லைடு. 1904-ல் பிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார், 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் கம்பிவலை ஒன்றை வைத்தார், 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. விரிவுரையாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த ஸ்லைடிலேயே மனசு நின்றுவிட்டது. வேலைக்குப் போய்க் கையில் கொஞ்சம் காசு நிற்க ஆரம்பித்ததும் ஒன்றைச் செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

நான் எடுத்தது பழைய, எளிய சர்க்யூட். முன்னால் ஒரு 6எஸ்என்7. அது சமிக்ஞையைப் பெரிதாக்கும். பின்னால் ஒரு 6080. அது ஹெட்ஃபோனைத் தள்ளும். இரண்டு வால்வுக்குள்ளும் இரண்டிரண்டு பகுதிகள், ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. 6080 பாட்டுக்காகப் பிறந்ததல்ல. பவர் சப்ளைகளில் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கச் செய்யப்பட்டது. மின்னோட்டத்தைத் தாராளமாக விடும் என்பதால் ஹெட்ஃபோன்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வால்வின் ஹீட்டருக்கு மட்டும் ஏறக்குறைய 19.5 வாட் போகும். 300 ஓம் ஹெட்ஃபோனுக்கோ ஒரு மில்லிவாட் போதும், காது கிழியும். மீதியெல்லாம் சூடு. நம் ஊர் வெயிலில் இது தேவையா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

வால்வு தேர்ந்தெடுப்பது என்றதும் எல்லாரும் பிராண்டுக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சுவரில் இருக்கும் பிளக். நான் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் செய்தது. எங்கள் தாமானில் இரவில் அளந்தேன், 244. அந்தக் கணக்கில் 6.3 வோல்ட் வர வேண்டிய ஹீட்டருக்கு 7 வோல்ட் போகிறது. பத்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பது விதி. அதைத் தாண்டினால் எந்தப் பெரிய பிராண்டாக இருந்தாலும் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். 0.2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வழியில் போட்டுச் சரிசெய்தேன். அதன் விலை இரண்டு வெள்ளிகூட இல்லை.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒன்று இருக்கும், உள்ளே மிஞ்சும் காற்றைத் தின்பதற்காக. அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தொடவே வேண்டாம். பிறகு இரண்டு பகுதிகளும் சமமாக வேலை செய்கின்றனவா என்று அளக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டு ஒரு பக்கமாகச் சாயும். பென்சிலால் லேசாகத் தட்டினால் மணியடிப்பதுபோல ஹெட்ஃபோனில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் தேறிய பிறகுதான் ஒலி, சுவை, பிராண்டு.

அந்தச் சுவைக்காகத்தான் மூன்று 6எஸ்என்7 வைத்திருந்தேன். ஒன்று பழைய சோவியத் 6என்8எஸ், 45 வெள்ளி. இன்னொன்று இன்றைய ரஷ்ய ஆலையில் செய்தது. மூன்றாவது அந்த 280 வெள்ளி அமெரிக்கன். இன்று வால்வு செய்யும் ஆலைகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனாவில்தான் இருக்கின்றன. மூடிப்போன ஆலைகளின் சரக்குக்குத்தான் விலை ஏறிக்கொண்டே போகிறது. மேல் சுருதியில் அமெரிக்கன் காற்றோட்டமாக இருக்கும் என்று சொல்லக் கேட்டிருந்தேன். எனக்கும் அப்படியே கேட்டது. 280 வெள்ளி கொடுத்தவனுக்குக் கேட்காமல் இருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஆம்ப்பைப் போட்டுவிட்டு வால்வு சிவக்கக் காத்திருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன, பாடல?"

"சூடாவணும்பா. அரை நிமிஷம் ஆவும்."

"எங்க லயத்துல கங்காணி வீட்டுல வால்வு ரேடியோ இருந்துச்சு. திருப்புன உடனே பாடும்."

"அது டிரான்சிஸ்டரா இருக்கும்பா. வால்வு உடனே பாடாது."

"வால்வுதாண்டா. பின்னால தொறந்து பாத்திருக்கேன்."

"இல்லப்பா, உங்களுக்கு ஞாபகம் இல்ல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தானாகப் பேசுவதுபோலச் சொன்னார்: "பேட்டரி செங்கல்லு கணக்கா இருக்கும். கைய வச்சா ஷாக் அடிக்கும்."

ஷாக் அடிக்கும் பேட்டரி என்றால் 90 வோல்ட். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு அது எதற்கு? அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. மின்சாரம் இல்லாத இடங்களுக்கென்றே பேட்டரி வால்வுகள் இருந்தன. டிகே96, டிஎஃப்96 என்று டி-யில் தொடங்கும் குடும்பம். மெல்லிய இழை, 1.4 வோல்ட் போதும். கேத்தோடைச் சுட வைக்கத் தனி ஹீட்டர் கிடையாது, இழையே கேத்தோடு. அதனால் திருப்பியதும் பாடும். லயத்தில் மின்சாரம் இல்லாத காலம் அது. அப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. பட்டம் வாங்கியவன் சொன்னதுதான் தப்பு.

இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. மறுநாள் ஹெட்ஃபோனை எடுத்து அவர் தலையில் மாட்டினேன். டி.எம்.எஸ். பாட்டு ஒன்றைப் போட்டேன். வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பச் சொன்னார். முதலில் சோவியத், பிறகு புதிய ரஷ்யன். இரண்டுக்கும் "நல்லாருக்கு" என்றார். சுசீலா பாட்டைப் போட்டதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. "இதுல என்னமோ மூடி வச்ச மாதிரி இருக்கு" என்றார். கடைசியாக அமெரிக்கனைப் போட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன்பே கையைத் தூக்கினார்.

"இது சரியில்ல."

"என்னப்பா சரியில்ல? இதுதான் இருக்கறதுலயே நல்லது."

"அடியில ஊஊன்னு ஓடுது. நம்ம கரண்டு சத்தம்டா. அம்பது சைக்கிள்."

வாங்கி மாட்டிக் கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை. பாட்டை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். இருந்தது. ஆம்ப்பைக் கணினியோடு இணைத்துப் பார்த்தபோது திரையில் 50 ஹெர்ட்ஸில் ஒரு முள் நின்றது. வால்வை மாற்றினால் முள் போய்விடுகிறது, திரும்பப் போட்டால் வருகிறது. அந்த வால்வுக்குள் ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு மின்சாரம் கசிகிறது. இரண்டு வாரமாக நான் காற்றோட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அடியில் ஓடியதைக் கவனிக்கவில்லை.

"எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?"

"முப்பது வருசம் முள்ள அம்பதுலயே நிக்க வச்சவன்டா நானு. மீட்டர பாக்க வேண்டியதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. 50 ஹெர்ட்ஸ் இவ்வளவு துல்லியமாகக் கேட்கும் மனிதருக்கு, சுசீலாவின் குரல் ஏன் மூடி வைத்ததுபோல் இருக்க வேண்டும்? நான் கூப்பிட்டால் ஏன் திரும்புவதில்லை? சாப்பிடும்போது எதைச் சொன்னாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவது ஏன்? அவர் கவனிக்காமல் இருக்கிறார் என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பேன்!

அரசு மருத்துவமனையில் கேட்புச் சோதனை செய்தார்கள். வந்த வரைபடம் எனக்குப் பழக்கமான வரைபடம்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் போடுவதுபோல இடமிருந்து வலமாக அலைவெண். 250, 500 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய சாதாரணம். 2000-ல் 40 டெசிபல் குறைவு. 4000-ல் வலது காது 65, இடது காது 70. 8000-ல் கொஞ்சம் மேலே ஏறுகிறது. அந்த 4000 பள்ளம் இரைச்சலில் வேலை செய்தவர்களின் காதில் விழும் பள்ளம். தமிழில் அ, ஆ, ஓ எல்லாம் கீழே இருக்கின்றன, அவருக்குக் கேட்கும். ச, த, க, ப போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் சன்னமான சத்தம் மேலே இருக்கிறது. அப்பாவுக்கு நாங்கள் பேசுவது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எந்தச் சொல் என்பதுதான் தெரியவில்லை. கத்திப் பேசினால் உயிரெழுத்துதான் பெரிதாகும்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். என் 6080-இன் வெளிமுனைத் தடை ஏறக்குறைய 100 ஓம். அதனால் என் ஹெட்ஃபோனில் அடிச்சுருதி ஒரு டெசிபல் அளவுக்குக் கூடுகிறது. வால்வுக்காரர்கள் கதகதப்பு என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். இந்த ஒரு டெசிபலைக் கூட்டலாமா குறைக்கலாமா என்றுதான் நான் மாதக்கணக்கில் வால்வு மாற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் படுத்திருந்தவரிடமிருந்து அறுபத்தைந்து டெசிபல் போயிருந்தது.

"மில்லுல காதுக்கு ஒன்னும் குடுக்கலயாப்பா?" என்று கேட்டேன்.

"குடுத்தாங்க, ரப்பர் மாதிரி. மாட்டுனா டர்பைன் என்ன சொல்லுதுன்னு தெரியாது. பேரிங் போவுதுன்னா சத்தம்தான் மொதல்ல சொல்லும். ஒரு தடவ ராத்திரி ஷிப்டுல நான் நிறுத்தலன்னா அது வெடிச்சிருக்கும்."

1989-இல் வந்த இரைச்சல் விதி, எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை விட்டது. 2019-இல் வந்த புதிய விதி அதை 85 ஆக்கியது. அதற்கு முந்தைய வருடமே அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் இருக்கிறது. படிவத்தை எடுத்து வந்து வைத்திருக்கிறேன். மில்லோ கைமாறிவிட்டது. பழைய பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு அதில் அக்கறை இல்லை. "காது போனதுக்குக் காசா?" என்கிறார். மில்லைக் குறை சொல்லவும் அவர் விடுவதில்லை. நான் படித்தது அந்த டர்பைன் சம்பளத்தில்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆம்ப்பில் இப்போது 45 வெள்ளி சோவியத் வால்வுதான் இருக்கிறது. அப்பா தேறியது என்று சொன்னது. அமெரிக்கன் அலமாரியில் கிடக்கிறது. அம்மாவிடம் உண்மையான விலையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒங்கப்பா காதுல ஒரு வாட்டி வச்சுப் பாத்துட்டு வாங்கியிருந்தா எரநூத்து எம்பது வெள்ளி மிச்சம்" என்றார்.

காதுக்கருவி பொருத்த அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்று மூன்று வாரம் சொன்னவர், நேற்று தானாகவே கேட்டார். "அதுக்குள்ளயும் வால்வு இருக்குமா?"

அவருக்கு எதிரே போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். ஒரு காலத்தில் இருந்தது, விரல்நுனி அளவு வால்வுகளைக் காதுக்கருவிக்கென்றே செய்தார்கள். டிரான்சிஸ்டர் கடையில் விற்கும் பொருளுக்குள் முதலில் வந்ததும் காதுக்கருவியில்தான், 1952-இன் கடைசியில். இப்போது எல்லாம் சிப்.

முழுவதும் கேட்டதா என்று தெரியவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ திருப்புன உடனே பாடும்" என்றார்.