அந்த அம்மாளின் கும்பிடு

சாம்பல் புதனன்று காலையில் மருமகள் இரண்டு இட்லியை வைத்து, "சாப்பிடுங்க மாமா, சாமி கோவிச்சுக்க மாட்டார்" என்றாள். 59 வயது நிறைந்தவர்களுக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்பது திருச்சபைச் சட்டம். எனக்கோ எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை மாத்திரை வேறு. சாப்பிட்டேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சுப் பள்ளியில். கர்த்தர் கற்பித்த செபத்தை முதலில் பிரெஞ்சில்தான் மனப்பாடம் செய்தேன். அதில் அன்றாட உணவு கேட்கும் இடத்தில் 'பேன்' என்று வரும். ரொட்டி என்று அர்த்தம். தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் தலையைச் சொறிந்து சிரிப்போம். வீட்டிலோ ராத்திரிக்குக் கேழ்வரகுக் கூழ். "ரொட்டி கேட்டா கூழ் வருதேம்மா" என்றேன். "இன்னைக்குக் கேட்ட, இன்னைக்கு வந்துடுச்சில்ல?" என்றாள் அம்மா.

தவக்காலத்தில் அம்மா ஒருவேளைதான் சாப்பிடுவாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். பெரிய வாரத்தில் அது பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு கைம்பெண் வீட்டுக்குப் போகும். ஒரு வருடம் அப்பா நோயில் படுத்துவிட்டார். வீட்டில் அரிசி இல்லை. "அந்தப் பானையில இருக்கே" என்றேன். "அது அவங்க சோறுடா. நம்ம கிட்ட இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். அன்று முருங்கைக்கீரையை வேகவைத்துத் தின்று படுத்தோம். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் கடைக்காரர் கடன் கொடுத்தார். அதுவே பெரிய இரக்கம் என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாலைவனத்தில் மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது. மறுநாளுக்கென்று மீத்து வைத்தது புழுத்துப்போனது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாள் சேர்த்தது மட்டும் கெடவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் ஒரு தவறு செய்தேன். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை. ஒருசந்தி இருந்ததால் தலைவலி, எரிச்சல். மாலை நான்கு மணிக்கு இடுப்பில் குழந்தையுடன் ஓர் அம்மாள் வந்தாள். கணவன் இறந்துபோய், குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்துகொண்டிருந்தாள். கோப்பு என் மேசையில்தான் இருந்தது. "திங்கட்கிழமை வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சிலுவைப் பாதைக்குப் போய்விட்டேன்.

திங்களன்று குறிப்பு எழுதி மேலே அனுப்பப் பத்து நிமிடம்தான் ஆனது. அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடுதான் இன்றுவரை உறுத்துகிறது. ஆண்டவர் அவளுக்கு அனுப்பியதை மூன்று நாள் மறித்து வைத்தவன் நான். வயிறு காய்ந்ததே ஒழிய, அம்மாவின் ஒருசந்தி எனக்கு வரவில்லை.

இப்போது பட்டினி இருக்க உடம்பு இடம் தருவதில்லை. ஓய்வூதிய விண்ணப்பம் எழுதத் தெரியாமல் யாராவது வந்தால், அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். என் ஒருசந்தி அவ்வளவுதான்.

உணவு கேட்ட கையோடு மன்னிப்பும் கேட்கச் சொல்லித்தானே அந்தச் செபம் இருக்கிறது? இன்றைய இட்லி வந்துவிட்டது. இரக்கமும் அப்படியே வரும் என்று நம்பித்தான் தினமும் காலையில் அதைச் சொல்லுகிறேன்.