நாடாத் தடம்

அம்மா வாசலில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் நான்தான் அவளுக்குச் சேலை கட்டிவிட்டேன். முதல் நாள் உள்பாவாடை மாற்றும்போது அவள் இடுப்பைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். ஒரு விரல் அகலத்துக்கு, இடுப்பைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு தடம். முடிச்சு விழுகிற இடத்தில் தோல் தடித்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. அங்கங்கே வெளுத்துச் செதில் உரிந்திருந்தது.

"என்னம்மா இது?"

"நாடாத் தடம்டி. எல்லாருக்கும் இருக்கிறதுதானே."

உண்மைதான். எனக்கும் இருக்கிறது, கொஞ்சம் வெளிறலாக. ஐந்தரை மீட்டர் சேலையும் அதன் கொசுவமும் அந்த ஒற்றை நாடாவை நம்பித்தான் நிற்கின்றன. நாடா தளர்ந்தால் கொசுவம் சரியும். பஸ்ஸில் ஏறும்போது சரிந்தால் மானம் போகும். அதனால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு முடிச்சுப் போடத்தான் ஆச்சி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். சித்திரை வெயிலில் வியர்வையும் அழுக்கும் அந்தப் பள்ளத்தில் தங்கும். அரிக்கும், சொறிவோம். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுவோம். காலையில் அதே இடத்தில் அதே நாடா. இதற்காக யாரும் டாக்டரிடம் போவதில்லை. போனால் இடுப்பை அவிழ்த்துக் காட்ட வேண்டுமே.

நான் அம்மாவை அழைத்துப் போனேன். சாதாரணத் தோல் அழற்சிதான் என்று களிம்பு கொடுத்த தோல் டாக்டர், ஆறாத புண் ஏதாவது இருக்கிறதா என்று முடிச்சு விழும் இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவர் எதைத் தேடினார் என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டும் பழக்கத்தால் வருகிற தோல் புற்றைப் பற்றி மும்பையின் நோயியல் அறிஞர் வி. ஆர். கானோல்கர் 1945-லேயே எழுதியிருக்கிறார். வேட்டிப் புற்று என்றே அதற்குப் பெயர். பின்னால் சேலைப் புற்று என்ற பெயரும் வந்தது. 2024-இல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் இந்திய மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. இடுப்பின் பக்கவாட்டில் ஒன்றரை வருடமாக ஆறாத புண். இன்னொருவர் அறுபதுகளின் கடைசியில் இருந்தவர். பாவாடை இல்லாமல் சேலையையே இடுப்பில் இறுக்கிச் சுற்றி நாற்பது வருடம் வாழ்ந்தவர். அவருக்குப் புற்று நிணநீர்க் கணுவரைக்கும் பரவிவிட்டிருந்தது. உராய்வில் தோல் அழன்று, நிறம் மாறி, மெலிந்து, புண்ணாகி, ஆறுவதற்குள் மறுபடி உராய்ந்து, பல வருடம் கழித்து அந்தப் புண்ணே புற்றாக மாறுகிறது. அபூர்வமான நோய்தான். தடம் உள்ள எல்லாருக்கும் வருவதில்லை. ஆனாலும் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று அம்மா சொன்ன வார்த்தை அதற்குப் பிறகு என்னைத் தூங்க விடவில்லை. உடுப்பு கொடுக்கும் வலியை உடுத்துகிறவள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எத்தனை தலைமுறையாகப் பழகியிருக்கிறோம்!

நாம் மட்டுமில்லை. பாரிஸ் ஆப்பெராவில் எம்மா லிவ்ரி என்று ஒரு பாலே நடனக்காரி இருந்தாள். அந்தக் காலத்தில் மேடைக்குக் காஸ் விளக்கு. நடனக்காரிகளுக்கோ காற்றுப்பட்டாலே பறக்கிற மெல்லிய வலைத்துணிப் பாவாடை. தீப்பிடிக்காமலிருக்கத் துணியை ஒரு ரசாயனக் கரைசலில் நனைக்கும் முறை அப்போதே இருந்தது. நனைத்தால் துணி விறைத்துக்கொள்ளும், வெண்மை மங்கும். லிவ்ரி அதை உடுத்த மறுத்துவிட்டாள். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது அவள் பாவாடையில் விளக்கின் தீ பற்றியது. எட்டு மாதம் கிடந்து, 1863 ஜூலையில் இறந்தாள். வயது இருபது. எரிந்து மிஞ்சிய அந்த உடையின் துணுக்குகளை ஆப்பெரா அருங்காட்சியகத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

பிடிவாதக்காரி என்று அவளைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட முடியாத துணியைக் கொடுத்து ஆடச் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

எங்கள் தெருவில் சித்தி ஒருமுறை மொபெட்டின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனபோது முந்தானை சக்கரத்தில் சுற்றி இழுத்து, ரோட்டில் விழுந்தாள். தாடையில் ஐந்து தையல். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் கேட்டார்கள்: "முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரக் கூடாதா?" பின்சக்கரத்தை மூடும் கம்பி அந்த வண்டியில் இல்லாததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. சாரி கார்டு என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். அழகாக இல்லையென்று சித்தப்பா அதைக் கழற்றிப் போட்டிருந்தார். எனக்கு இப்போதும் அவர்மேல் கோபம் உண்டு. வழியில் போகிற யாராவது "அக்கா, முந்தானை!" என்று கத்தும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது, கத்தினவருக்கு மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

அம்மாவுக்கு முதலில் எலாஸ்டிக் வைத்த பாவாடை வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாள். "சேலை நிக்க மாட்டேங்குது" என்று கழற்றிவிட்டாள். பிறகு அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, பாவாடையின் மேல் விளிம்பில் பட்டையாக வைத்துத் தைத்தேன். நாடாவுக்குப் பதில் பக்கவாட்டில் இரண்டு வரிசை கொக்கி. சாப்பிட்ட பிறகு ஒரு கொக்கி தளர்த்திக்கொள்ளலாம். அம்மா கட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தாள். கோலம் போடுகிற மாதிரி குனிந்தாள், நிமிர்ந்தாள். கொசுவத்தை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"மத்த பாவாடையையும் இப்படியே தச்சுடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எதிர்வீட்டு அத்தைக்கும் ஒண்ணு தைச்சுக் குடு. அவளுக்கு அந்த இடத்தில புண்ணே இருக்கு. யார்கிட்டயும் காட்ட மாட்டேங்கிறா."

பாவாடை அப்புறம் ஆகட்டும் என்று, மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து அத்தையை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே போகும்வரை அவள் என் கையை விடவில்லை.